அவர் மேசைக்கு மட்டும் வராத தட்டு

கலஹா ஊர் டீக்கடையில் எல்லா மேசைக்கும் எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் தட்டு வந்தது. இராமகிருஷ்ணன் மேசைக்கு மட்டும் வரவில்லை.

கேட்காமலே தட்டு நிறையக் கொண்டுவந்து வைப்பதுதானே கடை வழக்கம்? தின்றது போக மிச்சத்தை விட்டு எழும்பலாம்.

"என்னய்யா, எனக்கு?"

"ரோல்ஸ் முடிஞ்சுங்க."

"பக்கத்து மேசையில எட்டு கெடக்கு! என் கண்ணு என்ன பொட்டையா?"

வந்தது கேழ்வரகில் சுட்ட குரக்கன் ரொட்டி, வல்லாரைச் சம்பல், அவித்த கடலை, சீனி போடாத பிளேன்டீ.

கராம்பும் மிளகும் தோட்டம் தோட்டமாய்ப் போய் விலை பேசி வாங்குகிறவர் அவர். விடிய முன் கண்டியில் பஸ் ஏறினால் இருட்டத்தான் வீடு. பசித்த இடத்தில் கிடைத்ததைத் தின்பார்.

மறுநாள் ஹந்தானையில் ஒரு கடை. பராட்டா கேட்டார். வந்தது அதே குரக்கன் ரொட்டி, அதே சம்பல், அதே கடலை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் தெல்தெனிய. வேண்டுமென்றே இதுவரை மிதிக்காத கடையாய்ப் பார்த்து நுழைந்தார். முதலாளி ஜமால்தீன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மறுபடி முகம்.

வாயே திறக்கவில்லை இவர். அதே தட்டு வந்து உட்கார்ந்தது.

இரண்டு கிழமைக்கு முந்தி கிளினிக்கில் டாக்டர் ஏசியது காதில் கேட்டது: "சீனி வருத்தத்த வச்சிக்கிட்டு கண்டதையும் தின்னா, இந்தக் கால எடுக்கத்தான் வேணும்."

வீட்டிலும் சொல்லாத சங்கதி. யாருக்குத் தெரியும்?

பவாஸ்! பத்து வருஷம் கூட்டாய்த் தொழில் செய்து, சாதிக்காய் பேரத்தில் சட்டையைப் பிடித்துப் பிரிந்தவன். மூன்று மாதமாய் ஆளே வெளியில் இல்லை. அவன் சரக்கு வாங்கிய தோட்டங்களையெல்லாம் இவர் வளைத்துப் போட்டாயிற்று. அந்த வயிற்றெரிச்சலில் செய்வினை வைத்துவிட்டான்.

கதிரையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து போய்ச் சுவரைப் பார்த்தார்.

அவருடைய படம். செத்தவனுக்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டியிருந்தது. வேட்டி சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு கை. மணிக்கட்டோடு சரி; கைக்கு உரிய ஆள் இல்லை.

"யாரு கைய்யா இது?"

"பதறாதீங்க அண்ணன். பவாஸ் நானாவோட கை. ரெண்டு பேரும் கலியாண வீட்டுல எடுத்த படமாம். தன்னைய வெட்டிட்டு ஒங்கள மட்டும் ஒட்டினாரு."

"நெனச்சேன்! என்ன மந்திரம் ஓதிட்டுப் போனான்?"

"மந்திரமா? கிளினிக்ல நீங்க ஏச்சு வாங்கின அண்டைக்கு, திரைக்கு அங்கிட்டு அவர் படுத்துக்கிட்டு இருந்தாராம். பொறகு இந்தக் கிழமைதான் படத்தக் கட்டா எடுத்துக்கிட்டு த்ரீவீல் ஆட்டோவுல கடை கடையா வந்தாரு. 'இந்த மனுசனுக்கு ரோல்ஸ், பராட்டா கண்ணுலயும் காட்டாதீங்க. கோவக்காரன், ஏசுவான். ஏசட்டும். எண்ட பேரச் செல்லிடாதீங்க, வீம்புக்குத் திம்பான்' எண்டாரு."

இராமகிருஷ்ணன் படத்தில் தன் தோளில் கிடந்த அந்தக் கையைத் தொட்டார்.

"அவன்... அவன் எதுக்குத் திரைக்குப் பின்னால படுத்திருந்தான்?"

ஜமால்தீன் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாசத்துக்கு முந்தி அவர்ட எடது கால முழங்காலோட எடுத்துட்டாங்க அண்ணன். ஒவ்வொரு நாளும் அந்தியில எல்லாக் கடைக்கும் போன் எடுப்பாரு. ஒண்டே ஒண்டுதான் கேப்பாரு: 'இண்டைக்கும் அவன் ரெண்டு காலாலயும் நடந்துதானே வந்தான்?'"