மர வாத்தின் கவலை

வாத்துகளை ஏமாற்றி வரவழைக்க, வேட்டைக்காரர் ஒரு மர வாத்தை ஏரியில் மிதக்கவிட்டிருந்தார். அதன் உடம்பெல்லாம் துப்பாக்கி போட்ட ஓட்டைகள். பழகின நிஜ வாத்து ஒன்று பக்கத்தில் வந்து இறங்கியது.

"அண்ணே, கரையில உங்க ஐயா கையில புதுத் துப்பாக்கியா?"

"ஆமா தம்பி. போன வருஷம் ஒரு வாத்துகூட விழலையா, பழைய ஒத்தைக்குழல் துப்பாக்கியைத் திட்டித் தீர்த்தார். ஆறு மாசம் கடை கடையா ஏறி, தூக்கிப் பார்த்து, தோள்ல வச்சுப் பார்த்து இதை எடுத்தார். செமி ஆட்டோமேட்டிக். நடுவுல தோட்டா போட வேண்டாம், மூணு தடவை அடுத்தடுத்துச் சுடலாம்."

வாத்துக்கு இறகு சிலிர்த்தது. "ஐயோ, அப்போ எங்க கதி?"

"உங்களுக்கென்னப்பா? குறி பார்க்கிறது அதே ஐயாதானே! இதுவரைக்கும் நான் தடவைக்கு ஒரு வெடி வாங்கினேன். இனிமே மூணு வாங்கணும்."