யார்க்குக்கு யார்?

“இங்கிலாந்துல யார்க் ஊருக்குள்ளயே மூணு நாளும் சுத்தினா போதும். பழைய மதில், பெரிய சர்ச். அதுக்குமேல என்ன வேணும்?” என்றான் சாய்ராம்.

“சுத்தி இருக்கற கிராமத்தையெல்லாம் பாக்காம வர்றதுக்கு இங்கே ஃப்ரீமான்ட்லயே இருந்துடலாம்” என்றாள் அவன் மனைவி விஷாகா.

“அங்கே அமெரிக்கா மாதிரி இல்ல, லெஃப்ட் சைடுல டிரைவ் பண்ணணும். ரோடே ஒரு கார் அகலம்தான். எதிர்ல ஆட்டுமந்தை வந்தா?”

“நீ ரிவர்ஸ் எடு. நான் இறங்கி ஆட்டை ஓட்டறேன்.”

“மழை வேற பெய்யும்.”

“உன் ரெயின்கோட்டையும் நான்தானே எடுத்து வைக்கப்போறேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் ப்ரியம்வதா பேனாவைக் கீழே வைத்தார்.

“வீடு, கார், நாய் எல்லாத்தையும் சண்டையே இல்லாம பிரிச்சாச்சு. ரீஃபண்ட் கிடைக்காத இந்த டிரிப் மட்டும்தான் பாக்கி. டைவர்ஸ் பேப்பர்ல இதை யாருக்குன்னு எழுதட்டும்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தனியா விட்டா இவன் முதல் ரவுண்டானாவையே சுத்திட்டு இருப்பான் மேடம். நாங்க ரெண்டு பேருமே போயிட்டு வந்துடறோம்” என்றாள் விஷாகா.

“அப்போ டைவர்ஸ்? எந்தத் தேதிக்கு மாத்தட்டும்?”

சாய்ராம் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினான்.

“அதைத் தேதியில்லாத ஓபன் டிக்கெட்டா போட்டுடுங்க மேடம்.”