அப்பா பார்த்த பாரிஸ்

"எனக்கு அந்த வி.ஆர். கண்ணாடியை மாட்டினா தலை சுத்தும் பிள்ளை. ஆராவது மாட்டி, பாக்கிறதை வாயால சொல்லுங்கோ. நான் கேட்டு மார்க் போடுறன்," என்றார் நடுவர் இந்திராதேவி ஆன்ட்டி.

சன்னிவேல் தமிழ்ப் பள்ளிக் கண்காட்சியில் வான்மதியுடையதுதான் கடைசி மேசை. நூற்றெண்பது வருஷத்துக்கு முந்தைய பாரிஸ் பாலே அரங்குக்குள் நேரில் போய்வருவது போல, பழைய ஓவியங்கள் இருநூறை ஒட்டி, வி.ஆர். கண்ணாடிக்குள் ஏற்றியிருந்தாள். மூன்று மாத வேலை. முதல் பரிசு வந்தால் ஜூலையில் பாலே கேம்ப். வராவிட்டால் பாலேவுக்கு முழுக்கு, பரதநாட்டிய வகுப்பு. அம்மா நாகமணி போட்ட ஒப்பந்தம் அது. அம்மா இப்போது ஹாலின் அந்தக் கோடியில் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"நான் மாட்டுறேங்க," என்று முன்னால் வந்தார் அப்பா வெங்கடாசலம்.

"அப்பா, நோ! யூ டோன்ட் நோ எனிதிங் அபவுட் பாலே!"

"கண்ணு இருக்குல்ல தாயி. பாக்கிறதைச் சொல்லப்போறேன், அவ்வளவுதான்."

கண்ணாடியை மாட்டிப் பட்டையை இறுக்கினார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பக்கத்து மேசையில் மகள் செய்த ரோபோவுக்குக் காவல் நின்ற பசுபதி அங்கிள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"என்ன தெரியுது?" என்றார் இந்திராதேவி.

"அடேங்கப்பா!" என்றார் வெங்கடாசலம். "பூராம் பொம்பளப் புள்ளைக!"

"அன்னம் மாதிரி வெள்ளைச் சட்டையோ? சரவிளக்கு இருக்குதோ?"

"அதெல்லாம் முன்வாசல்ல இருக்கும்ங்க. நான் பின்வாசல் வழியா வந்துட்டேன்."

பின்வாசல் ஒன்று வைத்தோமா என்று வான்மதி யோசித்தாள். வைத்திருக்கலாம். இருநூறு படத்தையும் அவள் மூலை முடுக்கெல்லாம் உற்றுப் பார்த்ததில்லை.

"சன்னலெல்லாம் அடைச்சு வச்சிருக்கான். புழுக்கம். எட்டு வயசு, பத்து வயசுப் புள்ளைக, வரிசை வரிசையா நிக்குதுக. விடியுமுன்ன எழுப்பிக் கூட்டியாந்திருக்கான் பாவி. ஒண்ணு நின்ன வாக்குலயே தூங்குது."

"காலைப் பாருங்கோ. பாலேக்குக் கால்தான் முக்கியம்."

வெங்கடாசலம் குனிந்து பார்த்தார். "நின்னு நின்னு வீங்கிக் கிடக்கு. கிழிஞ்ச துணியைச் சுத்தியிருக்குதுக. ஆனா கை பாருங்க, அத்தனை கையும் ஒண்ணுபோல போகுது. தாளம் தப்பல."

"ஐயோ பாவம். அதுகள் என்ன நினைக்குதுகள் எண்டு முகத்தில தெரியுதோ?"

"சோறு எப்பன்னு நினைக்குதுக."

"பாரிஸில சோறோ?"

"ரொட்டின்னு வச்சுக்கங்க."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள்கூடத் தட்டோடு வந்துவிட்டார்கள்.

"மூலைக்கு மூலை வாளித் தண்ணி, ஈரச் சாக்கு. நெருப்புப் பயம்ங்க. ஒரு பொறி போதும்."

"ஓம், ஓம்!" என்று இந்திராதேவி பேனாவை எடுத்தார். "காஸ் விளக்கில சட்டை பட்டு எத்தினை பிள்ளையள் எரிஞ்சு போச்சினம். நான் வாசிச்சிருக்கிறன். இதையும் கவனிச்சு வச்சிருக்குதே இந்தப் பிள்ளை!"

வான்மதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் புரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தாள்.

"இந்தா வந்துட்டான் கண்காணி. கையில கம்பு. ஏய், தூங்குற புள்ளைய அடிக்காதய்யா!" வெங்கடாசலம் கையை வீசியதில் மேசையில் நிறுத்தியிருந்த அட்டைப் பலகை கீழே விழுந்தது.

"அப்பா, ஸ்டாப், இட்ஸ் எம்பாரஸிங்!"

"இரு தாயி, அவன் அந்தப் பக்கம் திரும்பிட்டான். ஹா! ஒரு கழுதை அவன மாதிரியே நடந்து காட்டுறா. இப்படி." வயிற்றைத் தள்ளி, ஒரு காலை இழுத்து இழுத்து, இல்லாத கம்பை ஆட்டிக்கொண்டு அப்பா நாலடி நடந்தார். "வரிசையே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. அவன் திரும்புறான், இவ நிக்கிறா, பச்சப்புள்ள மாதிரி. அவன் போறான், இவ மறுபடியும்! ஆட்டம்னா அதுதாங்க ஆட்டம்!"

ஹாலே கைதட்டியது. பசுபதி அங்கிள் விசிலடித்தார். இந்திராதேவி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மார்க் தாளில் ஏதோ எழுதி அடிக்கோடும் போட்டார்.

கால்மணி நேரத்தில் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். முதல் பரிசு வான்மதிக்கு. நாகமணி சாம்பார்க் கரண்டியோடு ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். "போ, கேம்ப்புக்குப் போய்த் தொலை!" என்று சொல்லிவிட்டு, வரிசை நிற்கிறதே என்று திரும்ப ஓடினாள்.

"அப்பா, அந்த நடந்து காட்டின கேர்ள் எங்க? ஐ வான்ட் டு ஸீ ஹர்!"

அப்பா கழற்றி வைத்திருந்த கண்ணாடியை வான்மதி எடுத்து மாட்டினாள். கும்மிருட்டு. பட்டனை அழுத்தினாள். இன்னொரு தரம் அழுத்தினாள்.

"அப்பா! திஸ் இஸ் டெட்!"

"மெதுவாப் பேசு. மாட்டினப்பவே அப்படித்தான் இருந்துச்சு," என்றார் வெங்கடாசலம். "காபி பாய்லருக்குப் பிளக் வேணும்னு காலைல உன் சார்ஜரைப் பிடுங்கினவன் நான்தான். திருப்பிச் சொருக மறந்துட்டேன்."

"தென்... பாரிஸ்? அந்த கேர்ள்ஸ் எல்லாம்?"

"பாரிஸை நான் எங்க கண்டேன்? அது சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸ் தாயி. உன் வயசுல அந்தப் புள்ளைகளோட நின்னு தீக்குச்சி அடுக்கிக்கிட்டிருந்தேன்."