இடமிருந்த வீடு

“உணவுத்துறை அதிகாரி தெருமுனைக்கு வந்துட்டாராம்! ஃப்ரிட்ஜைப் பிடிங்க!” என்று மனைவி பதறினாள்.

கணவன் மூச்சு வாங்கத் தூக்கினான். “இதெல்லாம் வீட்டுல இருந்தா மானிய அட்டையை ரத்து பண்ணிடுவாங்களாம். மலிவு விலைச் சாமான் வாங்கறது நம்ம சட்ட உரிமைடி! சரி, இதை எங்கே வைக்கிறது?”

“எதிர் வீட்டுல. பாவம், அந்தத் தையல்காரி வீட்டுல ஒரு மிஷினும் பாயும் தவிர ஒண்ணும் கிடையாது. எவ்வளவு வேணாலும் வைக்கலாம்.”

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பெரிய டிவி மூன்றும் தெருவைக் கடந்தன. தையல்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “ஒரு மணி நேரம்தாம்மா!” என்று அவள் பேச்சை அடக்கிவிட்டு இருவரும் வீட்டுக்கு ஓடினார்கள். கிழிந்த துணிக்கு மாறி, கதவைச் சாத்திவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அதிகாரி வந்து தட்டட்டும் என்று உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி நேரம் போனது. யாரும் வரவில்லை. சாமான்களை எடுக்கக் குஷியாகக் கிளம்பினார்கள்.

“அதிகாரி எங்க வீட்டுப் பக்கமே வரலைம்மா. தப்பிச்சோம்!” என்றான் கணவன்.

“அவர் உங்களைப் பார்க்க வரலைண்ணா,” என்றாள் தையல்காரி. “மானிய அட்டை கேட்டு நான் மனு போட்டு எட்டு மாசமாச்சு. அதை விசாரிக்கத்தான் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் தகுதி இல்லைன்னு எழுதிட்டார். ஃப்ரிட்ஜுக்கு ரெண்டு கதவுன்னுகூடக் குறிச்சுக்கிட்டார்.”

கணவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இதெல்லாம் எதிர் வீட்டுச் சாமான்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே! ‘போற வீட்டுல எல்லாம் இதையேதான் சொல்றாங்க’ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்ண்ணா.”