ஒரே எண்

"உன் லேசர் தப்புன்னு யாரு சொன்னா? ரொம்பச் சரியா இருக்கு. அதனாலதான் வேண்டாங்கறேன்" என்றார் ரைமோ, மூன்றாவது கோப்பைக் காப்பியை ஊற்றியபடி.

ஹென்னாவுக்குத் தலை சுற்றியது.

பின்லாந்தின் அந்த ஏரிக்கரை மில்லில், பால் டப்பாவுக்கான அட்டை ரயில் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமலே, ஒரு கதிரால் தட்டி, இன்னொரு கதிரால் அதிர்வைப் பிடித்து, அட்டை எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் கருவி அவளுடையது. இரண்டு வாரச் சோதனை இன்றோடு முடிகிறது. மேலாளர் ரைமோ கையெழுத்துப் போட்டால் மூன்று வருட உழைப்பு பிழைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சரியா இருந்தா வாங்க வேண்டியதுதானே?"

ரைமோ லேப் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "நீயே பாரு. முதல் நாலு நாள் கொஞ்சம் முன்னே பின்னே. அப்புறம் பத்து நாளா நீ நாப்பத்தொண்ணுன்னா, லேப்ல கெர்ட்டுவும் நாப்பத்தொண்ணு. அவ அட்டையை வெட்டி, வளைச்சுப் பார்த்து எழுதறா. ஒரு புள்ளி பிசகல."

"அது என் லேசருக்குப் பெருமை இல்லையா?"

"கெர்ட்டுவுக்குப் பெருமை. வாராவாரம் புகார் அனுப்பற டப்பா கம்பெனிக்காரன் பத்து நாளா வாயே திறக்கல. அதே எண்ணைச் சொல்ல எனக்கு ரெண்டு பேர் எதுக்கு? பன் எடுத்துக்கோ. ஏலக்காய் தூக்கலா இருக்கு."

பன்னைத் தொடாமல் எழுந்தாள் ஹென்னா.

இயந்திரத்தருகே அவள் தன் கருவியின் முதல் திருகைக் கழற்றும்போது, கெர்ட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஹென்னா வந்த அன்றே 'இந்த டார்ச் லைட்டா என் வேலையைப் பார்க்கப்போகுது?' என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவள்.

"ஜெயிச்சிட்டீங்க கெர்ட்டு. திருப்திதானே?"

"முதல்ல அந்த ஸ்பேனரைக் கீழே வை."

"ஏன், நான் போறதைப் பார்க்க அவ்வளவு வருத்தமா?"

கெர்ட்டு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"ரைமோகிட்ட மூச்சு விடாதே. என் வளைச்சுப் பார்க்கற மெஷின் உடைஞ்சு பத்து நாளாச்சு. அன்னையிலேருந்து உன் திரையைப் பார்த்துத்தான் நோட்டுல எழுதிட்டிருக்கேன். நீ பாட்டுக்குக் கழட்டிட்டுப் போயிட்டா, நாளைக்கு நான் எதைப் பார்த்து எழுதறது?"