பதினோரு நொடி

எடிட்டிங் கம்ப்யூட்டருக்குள் இருந்த கத்தரிக்கோலுக்குப் பொறுமையே கிடையாது. பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால்கூட அந்த இடத்தை நறுக்கி எறிந்துவிடும். அன்று அதன் கையில் சிக்கியது ஒரு நிச்சயதார்த்த வீடியோ.

"உனக்குச் சம்மதம்தானேம்மா, இளவேனி?" என்று அப்பா கேட்டார். அதன்பின் பதினோரு நொடி மௌனம். அப்புறம் ஒரு "ம்."

"தள்ளு, தள்ளு! சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு!" என்றது கத்தரிக்கோல்.

"நான் சும்மா இல்லை. அவ சொன்ன பதிலே நான்தான்," என்றது மௌனம்.

"பதில்தான் பின்னாடி வருதே, 'ம்'னு."

"அது அப்பாவுக்காகச் சொன்னது. உண்மையில அவ..."

நறுக்! இப்போது கேள்வி முடிந்த கையோடு "ம்" வந்து விழுந்தது. கத்தரிக்கோலுக்கு ஒரே பெருமை.

மறுநாள் வீடியோவைப் பார்த்துச் சரி சொல்ல இளவேனியே ஸ்டுடியோவுக்கு வந்தாள். அப்பா கேட்டு முடித்ததும், "ம்" வருவதற்குள் பட்டனை அழுத்தி நிறுத்தினாள்.

"ஓட விடு, ஓட விடு!" என்று உள்ளே கத்தரிக்கோல் துடித்தது.

பத்து நொடி போயிற்று. பதினொன்று. பன்னிரண்டு.

அவள் கை மறுபடி பட்டன் பக்கம் போகவே இல்லை.