நான்காம் அத்தியாயத்தில் ஒரு திருத்தம்

“நீ இங்கேயே உட்காரு. முதல்ல நான் போய் டாக்டர்கிட்ட பேசிட்டு வர்றேன்.”

“என்னங்க, ரெண்டு பேரும் வாங்கன்னுதானே போன்ல சொன்னாங்க?”

“சொன்னா சொல்லட்டும். இருக்கிற மூச்சிரைப்புல நீ எழுந்திருக்கவே வேண்டாம்.” மனைவியின் கைப்பையையும் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு பேராசிரியர் கதவைத் தள்ளினார்.

ஒரு மாதமாகவே அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பரிசோதனைக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தவளை, ‘எல்லா டெஸ்ட்டும் நானும் கூடவே எடுத்துக்கறேன், போதுமா?’ என்று சொல்லித்தான் போன வாரம் அழைத்து வந்திருந்தார். ஊசி ஏறியபோது இருவருமே கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை அவள் இறங்கிய ஒவ்வொரு படிக்கும் கை கொடுத்தார். “நான் என்ன மணமேடையிலேர்ந்தா இறங்கறேன்?” என்று அவள் கேட்டதற்கும் சிரிக்கவில்லை.

உள்ளே டாக்டர் எழுந்து நின்றாள். பதினைந்து வருடங்களுக்கு முன் மருத்துவக் கல்லூரியில் அவரிடம் சட்டமும் அறமும் படித்தவள்.

“உட்காரும்மா. இங்க டாக்டர் நீ.”

“பழக்கதோஷம் சார்.” மேஜையில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்றை ஓரமாக நகர்த்திவிட்டு மற்றதைக் கையில் எடுத்தாள். “உயிருக்கு ஒண்ணும் பயமில்லை. அதை முதல்லயே சொல்லிடறேன்.”

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ‘உயிருக்குப் பயமில்லை’ என்று டாக்டர்கள் ஆரம்பித்ததை எத்தனையோ வழக்குக் கட்டுகளில் படித்திருக்கிறார். எவரும் அதோடு நிறுத்தியதில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் இருக்கு. அதை யார்கிட்ட முதல்ல சொல்றதுன்னுதான் யோசனையா இருக்கு. பேஷண்டுகிட்டயா, குடும்பத்துகிட்டயா?”

“குடும்பத்துகிட்டதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?”

அவள் புருவம் உயர்ந்தது. “சார், இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் நான் பரீட்சையில எழுதினேன். முட்டை போட்டீங்க.”

“போட்டேனா?”

“போட்டு, பக்கத்துலயே சிவப்பு மையில எழுதினீங்க. ‘உடம்பு நோயாளியுடையது, உறவினருடையது அல்ல. நான்காம் அத்தியாயம் பார்க்கவும்.’ மறுபடி எழுதித்தான் பாஸ் பண்ணேன்.”

அவர் எழுதிய மருத்துவ அறப் புத்தகத்தின் அந்த நான்காம் அத்தியாயம்தான் அவரை ஆளாக்கியது. பேராசிரியர் பதவி, மருத்துவமனை அறக்குழுவின் தலைமை, வெளிநாட்டுக் கருத்தரங்குகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவை. நோயாளியை விட்டுவிட்டு உறவினரின் காதைக் கடித்த மூன்று மருத்துவர்களை, அதை வைத்தே சாட்சிக் கூண்டில் வியர்க்க வைத்திருக்கிறார்.

“அந்தப் புத்தகம் எழுதினப்ப எனக்குக் கல்யாணம் ஆகலைம்மா.”

“திருத்திய பதிப்பு போன வருஷம்தானே சார் வந்தது?”

“அச்சகத்துல பழசையே போட்டுட்டாங்க.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “பேஷண்ட் அவ்வளவு பயந்த சுபாவமா?”

“வெளியில தைரியசாலி மாதிரிதான் தெரியும். ஆபரேஷன்னு காதுல விழுந்தா போதும், ஒரு வாரத்துக்குத் தூக்கம் போயிடும். வீட்டுல வச்சு, பக்குவமா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்லணும்.”

கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்த அவருடைய விரல்களை அவள் பார்த்தாள். “தெரியுது சார்.”

“அப்ப சொல்லு.”

“எப்படி சார்? நாளைக்கு இது ஒரு கேஸாச்சுன்னா, எனக்கு எதிரா சாட்சி சொல்ல நீங்கதான் முதல் ஆளா வருவீங்க.”

“வர மாட்டேன். எழுதியே தர்றேன், பேப்பர் கொடு.”

அவள் கொடுத்த தாளில் நிறுத்தி நிதானமாக எழுதினார். ‘நோயாளியின் மனநிலையை உத்தேசித்து, இந்த அறிக்கையின் விவரங்களை முதலில் அவருடைய வாழ்க்கைத்துணையிடம் மட்டும் தெரிவிப்பதே முறை. இதற்கு நான் மனமாரச் சம்மதிக்கிறேன்.’

முப்பது வருட வாதம் இரண்டு வரியில் சாய்ந்தது. கை கூசவில்லை. வெளியே நாற்காலியில் அவள் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும்போது நான்காம் அத்தியாயம் யாருக்கு வேண்டும்? தேதி போட்டு, கையெழுத்திட்டு, கீழே தன் பதவியையும் எழுதினார்.

“போதுமா?”

டாக்டர் இரண்டு முறை படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள். “தாராளமா போதும் சார். இந்தக் கையெழுத்து இல்லாம நான் வாயையே திறந்திருக்க முடியாது.”

“இப்ப சொல்லும்மா. எதுவா இருந்தாலும் நான் தாங்கிப்பேன்.”

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். “மேடம், நீங்க உள்ள வாங்க.” பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க கொஞ்சம் வெளியில இருங்க சார், இது உங்க ரிப்போர்ட்.”